ஜோசுவாவை நான் ஏன் கொடுத்தேன்

எங்கள் அணியின் சட்டைகளைப் பதினொரு வருடமாக நான்தான் தோய்க்கிறேன். ஆட்டம் முடிந்ததும் பதினைந்து பேரும் கழற்றி ஒரு பையில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். ரூஜ் பகுதியில் உள்ள என் வீட்டு பேஸ்மன்ரில் அவற்றைத் தோய்த்து, உலர்த்தி, இலக்க வரிசையில் மடித்து அடுத்த ஞாயிறு கொண்டுபோவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்ததற்கு யாரும் நன்றி சொன்னதும் இல்லை. அமிர்தநாதர் அண்ணையின் தலைமையில் எங்கள் கூடைப்பந்து லீக் அமைத்த விசாரணைக் குழு, "ஜோசுவாவை ஏன் கொடுத்தீர்கள் என்று முதலில் இருந்து உங்கள் சொந்தச் சொற்களில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறது. முதலில் இருந்து என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் மரியரட்ணம். மார்க்கம் நகரில் ஒரு வெயார்ஹவுசில் ஷிஃப்ற் சுப்பவைசராக இருக்கிறேன். எங்கள் ஊர்க்காரரின் சங்கமான அலைமுனை மக்கள் ஒன்றியத்தின் கூடைப்பந்து அணிக்கு மனேஜரும் நான்தான், கோச்சும் நான்தான். இதை நீங்கள் பொலிசுக்குக் கொடுப்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களுக்கு நம் லீக்கைப் பற்றித் தெரிந்திருக்காது என்பதால் அதையும் விளக்கி எழுதுகிறேன்.

எங்கள் லீக்கில் அணிகள், நாட்டில் நாங்கள் விட்டுவந்த ஊர்ப்படி. ஒருவன் தகப்பனின் ஊருக்கு ஆடலாம், அல்லது தாயின் ஊருக்கு ஆடலாம். இங்கே ஸ்காபரோவில் பிறந்து அந்த ஊர்களைக் கண்ணால் காணாதவனுக்கும் இதுதான் சட்டம். வருடத்தில் ஒரு தடவை, பெப்ரவரி பதினைந்துக்கு முதல், பக்கம் மாறலாம். மாறுகிறவனின் கையெழுத்தும் இரண்டு மனேஜர்மாரின் கையெழுத்தும் இருந்தால் காரியம் முடிந்தது. ஆகவே எங்களுக்குள்ளும் ஆளைக் கொடுத்து ஆளை எடுக்கிற ட்ரேட் உண்டு. என்ன, அடுத்த ஊர் அணியில் ஆடுகிற எவனுடைய தாய் எங்கள் ஊர் என்று தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு விளையாட்டு மட்டும் தெரிந்தால் போதாது. கலியாணத் தரகருக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் தெரியும்.

இனி ஜோசுவா. பஸ்ரியனின் மகன், இருபத்துநான்கு வயது, ஆறடி மூன்று அங்குலம். போன வருடம் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக இருபத்தொன்பது புள்ளி எடுத்தான். லீக்கில் அவனுக்கு மேலே யாரும் இல்லை. அதே வருடம் நாங்கள் பதினான்கு ஆட்டத்தில் மூன்றை வென்றோம். ஊர்ச் சனத்துக்கு இருபத்தொன்பது மட்டும் தெரிந்தது. எனக்கு மூன்றும் தெரிந்தது. இந்த லீக்கில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அதே அணியில் ஆடிய வாகீசனைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டீர்கள். பிக்கரிங்கில் இருந்து பனிக்குள்ளே இரண்டு பஸ் மாறி வருகிறவன். கூடைக்குக் கீழே போய் நின்று கையை உயர்த்துவான். பக்கத்தில் எதிராளி ஒருவனும் இருக்க மாட்டான். ஜோசுவா அவனை நிமிர்ந்து பார்ப்பான், பார்த்துவிட்டுத் தூரத்தில் இருந்து தானே எறிவான். ஒரு முழு ஆட்டத்தில் வாகீசன் பந்தை எத்தனை தரம் தொட்டான் என்று நான் ஒருநாள் எண்ணினேன். நாலு தரம். அதில் இரண்டு, வெளியே போன பந்தை எடுத்துக்கொடுத்தது. டிசம்பரில் அவன் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, "நான் சும்மாதானே நிக்கிறன், அண்ணை" என்று சொன்னான். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்றும் அடங்கவில்லை. செத்துப்போன ஜோசுவாவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். கோபம் அவன் உயிரோடு இருந்தபோது வந்தது. அது அவனுக்காகத் திரும்பிப் போகவில்லை.

இந்த நகரத்தின் பெரிய கூடைப்பந்து ரீமான ராப்டர்ஸ் யாரைக் கொடுத்து யாரை எடுக்க வேண்டும் என்று தேத்தண்ணிக் கடை எல்லாவற்றிலும் கதைப்பார்கள். கட்டி எழுப்புகிற ரீம், பெறுமதி உச்சத்தில் இருக்கும்போதே பெரிய ஆட்டக்காரனைக் கொடுத்து இளம் பொடியளை எடுக்க வேண்டும் என்று வாய் கிழியச் சொல்வார்கள். அதையே சொந்த ரீமுக்குச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஜனவரி கடைசி ஞாயிறு ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன்: "ஜோசுவாவை வேம்பந்துறைக்குக் குடுப்பம். அவன்ர தாய் கிளடிஸ் அந்த ஊர். அவையிட்ட றூபன், மிதுனன் எண்டு ரெண்டு பேர் இருக்கினம். ரெண்டு பேற்றை தாய்மாரும் எங்கட ஊர். பந்தைக் குடுத்து விளையாடுற பொடியள். ரெண்டு வருசத்தில கிண்ணம் எங்களுக்கு."

பஸ்ரியன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "என்ர பிள்ளையைக் குடுத்துப்போட்டு ஆரை வைச்சு விளையாடப் போறியள், ரட்ணம் அண்ணை? உங்களை வைச்சோ?"

மண்டபம் சிரித்தது. ஜோசுவாவும் சிரித்தான். மூலையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எனக்குக் கையைக் காட்டி, "இற்ஸ் ஓகே, அங்கிள். ஐ ஸ்ரில் லவ் யூ" என்றான். அதற்கும் சிரித்தார்கள். பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். எதிராக நாற்பத்தொரு கை. ஆதரவாக என்னுடைய ஒரு கை. பதினொரு வருடம் அவர்களுடைய பிள்ளைகளின் வியர்வையைத் தோய்த்த கை என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் சட்டம் சட்டம்தான். கையெழுத்து மூன்று பேருடையது. பொதுக்கூட்டத்துக்கு அதில் இடம் இல்லை. வேம்பந்துறையின் மனேஜர் அருள்நாயகம் கேட்டவுடன் சம்மதித்தார். றூபனும் மிதுனனும் தாய்மாரைக் கேட்டுச் சம்மதித்தார்கள். மிச்சம் ஜோசுவா. பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிறு பின்னேரம், பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு மைதான ஓரத்து வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் ஊர் ஒருநாளும் கிண்ணம் எடுத்ததில்லை, நீ போனால் இந்த வருடமே எடுக்கும், அம்மாவின் கையில் கொடுக்கலாம் என்றேன். அவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

"அப்பா என்னைக் கொல்லுவார், அங்கிள்."

"அப்பாவை நான் பாக்கிறன்."

"அம்மா அழுவா. ஹாப்பியா அழுவா." சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். "தாங்ஸ், அங்கிள். நோபடி எவர் ஆஸ்க்ட் மீ அபவுற் அம்மா."

புதன்கிழமை, பன்னிரண்டாம் திகதி, மாற்றம் லீக்கில் பதிவானது. அந்தக் கிழமையே கிளடிஸ் எனக்கு ஒரு கேக் செய்து அனுப்பினாள். பஸ்ரியன் என்னோடு கதைப்பதை நிறுத்தினான். இவ்வளவையும் பார்த்தால் என் மேல் ஒரு பிழையும் இல்லை என்பது உங்களுக்கே விளங்கும். அடுத்த கேள்வியைத் தொலைபேசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு வருகிறேன்.

விளையாடுகிற எல்லோருக்கும் இதயப் பரிசோதனை வேண்டும் என்று லீக் இந்த வருடம் சட்டம் போட்டது. நல்ல சட்டம். நானும் அதற்குக் கை உயர்த்தினேன். ஜனவரி முதல் சனி, எங்கள் பதினைந்து பேரையும் ஒரேயடியாக ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து படிவத்தையும் நானே நிரப்பினேன். இந்தப் பொடியள் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டார்கள். கடிதம் வந்தால் உடைக்க மாட்டார்கள். ஆகவே எந்தப் படிவமானாலும் தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் என் இலக்கத்தைப் போடுவது என் வழக்கம். அழைக்கிறவர்கள் "நீங்கள் இன்னாரா?" என்று கேட்பார்கள். "ஓம்" என்பேன். பல் வைத்தியரின் கந்தோருக்கு நான் வாகீசனாக இருந்திருக்கிறேன். முழங்காலுக்கு ஸ்கான் எடுக்க வேறொருவனாக இருந்திருக்கிறேன். தமிழ் ஆக்களின் எல்லா ரீமிலும் இப்படி ஒரு மனுசன் இருப்பார். அவர் இல்லாவிட்டால் ஒரு ரீமும் மைதானத்துக்கு வந்து சேராது.

அன்றைக்கு இருந்த இளம் டொக்டர் எல்லாருடைய படிவத்திலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இதயத்தின் படங்களை ஸ்பெஷலிஸ்ட் பிறகு பார்ப்பார், ஏதாவது இருந்தால் அழைப்போம் என்றார். பெப்ரவரி நான்காம் திகதி, செவ்வாய், மத்தியானச் சாப்பாட்டு நேரம், வெயார்ஹவுசில் இருக்கும்போது அழைத்தார்கள். ஒரு பெண். "ஜோசுவாவா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல் பழக்கத்தில் வந்தது. மிச்சம் பழக்கத்தில் வந்ததல்ல. நேர்மையாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

படத்தில் ஒரு வித்தியாசம் தெரிகிறது, இதயத்தின் தசை தடித்திருக்கலாம், ஸ்பெஷலிஸ்ட் நேரில் பார்க்கும் வரைக்கும் ஓடக் கூடாது, விளையாடவே கூடாது என்று சொன்னாள். பெப்ரவரி இருபத்தாறுக்கு நேரம் தந்தாள். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்றும் கேட்டாள். பஸ்ரியனின் தம்பி இருபத்தொன்பது வயதில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றபோது விழுந்து செத்தவன். அலைமுனையில் இது தெரியாத ஆள் இல்லை. நானே அந்தச் சவத்தைத் தூக்கினவர்களில் ஒருவன். "இல்லை" என்று சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ட்ரேட் இல்லை. றூபனும் இல்லை, மிதுனனும் இல்லை. வாங்கில் ஜோசுவா இருந்திருப்பான். அவனுக்காகப் பூசை வைத்திருப்பார்கள். அவன் முகத்தைப் போட்டுச் சட்டை அடித்திருப்பார்கள். அவன் விளையாடாமலே ரீமை விழுங்கியிருப்பான். அந்த எண்ணத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்து நாள் கழித்து அவன் என்னைக் கட்டிப்பிடித்தபோது அவனுடைய நெஞ்சு என் நெஞ்சில் பட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் பேனையைக் கையில் எடுத்திருந்தான்.

லீக்கின் இன்னொரு சட்டத்தையும் பொலிசுக்காக எழுதுகிறேன். மாறிப்போனவனுக்குச் சொல்லாமல் மறைத்த நோய் வருத்தம் ஏதும் இருந்தால், நான்கு கிழமைக்குள் ட்ரேட்டை உடைக்கலாம். அந்த நான்கு கிழமை மார்ச் பன்னிரண்டோடு முடிகிறது. பதின்மூன்றாம் திகதி காலையில் அருள்நாயகத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லுவது என்று முடிவு செய்திருந்தேன். என் தொலைபேசியில் அதற்கு அலாரமும் போட்டிருந்தேன்; பொலிஸ் எடுத்துப் பார்க்கலாம். இடையில் ஸ்பெஷலிஸ்டின் கந்தோரில் இருந்து நேரத்தை உறுதிப்படுத்த அழைத்தார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி ஏப்ரல் மூன்றாம் திகதிக்கு மாற்றினேன். நான் அதை ரத்துச் செய்ததாக நிரோஷினி எல்லா இடமும் சொல்லித் திரிகிறாள். ரத்துச் செய்யவில்லை. மாற்றினேன். அதைச் சரியாகப் பதிய வேண்டும்.

நிரோஷினி ஜோசுவாவின் அக்கா. செத்தவீடு முடிந்து நாலாம் நாள் அவள்தான் கிளினிக்குக்குப் போய்ப் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். வாசலில் நின்றே எனக்கு அழைத்தாள்.

"அங்கிள், தம்பின்ர ஃபோர்மில ஏன் உங்கட நம்பர் கிடக்கு?"

"எல்லாற்றை ஃபோர்மிலயும் என்ர நம்பர்தான், பிள்ளை."

"அவை கோல் பண்ணினதாம். தம்பி கதைச்சவனாம். அண்டைக்குத் தம்பி எக்ஸாமில இருந்தவன், அங்கிள். அவன்ர ஃபோன் ஓஃப்." பிறகு அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்பதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு கதைக்கிற முறை அது இல்லை. ஆனாலும் நான் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இனி மார்ச் ஒன்பது. நாங்களும் வேம்பந்துறையும் மோதிய ஞாயிறு. பார்த்தவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது இதுதான். ஆட்டத்தின் மூன்றாம் காற்பகுதி முடியும்போது நாங்கள் ஐந்து புள்ளி பின்னால் நின்றோம். ஜோசுவா அதற்குள் இருபத்திரண்டு எடுத்திருந்தான். ஆனால் அவன் இரண்டு தரம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். ஒரு தரம் நெஞ்சைத் தேய்த்தான். அருள்நாயகமும் அதைக் கண்டு அவனை வெளியே எடுக்கப் பார்த்தார். அவன் தலையை ஆட்டி, "ஐ'ம் குட், ஐ'ம் குட்" என்றான். அருள்நாயகத்துக்குக் காரணம் தெரியாது. அவரை இந்த விசாரணைக்குள் இழுக்க வேண்டாம்.

ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி நான் ரைம்அவுற் கேட்டேன். றூபனையும் மிதுனனையும் பக்கத்தில் கூப்பிட்டேன். "ஜோசுவாவை ஒரு இடத்தில நிக்க விடாதேயுங்கோ. அவனிட்டப் பந்து இல்லாட்டிலும் பறவாயில்லை, அந்தத் தலையில இருந்து இந்தத் தலைக்கு ஓட வையுங்கோ. அவனுக்கு மூச்சுக் காணாது" என்றேன்.

மிதுனன் என்னைப் பார்த்தான். "ஹவ் டூ யூ நோ, கோச்?"

"எனக்குத் தெரியும்."

இந்த இரண்டு சொல்லைத்தான் மிதுனன் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அவர்கள் ஓட வைத்தார்கள். ஆறு நிமிடம். ஒருவன் களைத்தால் மற்றவன். நான் ஓரத்தில் நின்று, "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஜோசுவாவின் முகம் சாம்பலாகப் போனதை நான் கண்டேன். எங்கள் பக்கப் புள்ளி ஏறிக்கொண்டிருந்ததையும் கண்டேன். முன்னதைக் கண்டதும் எனக்கு என்ன வந்தது என்று கேட்டால், கோபம்தான் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் விழாமல் நிற்கிறானே என்று.

ஒரு நிமிடம் பதினைந்து செக்கன் இருக்கும்போது அவன் கையில் பந்து வந்தது. றூபனும் மிதுனனும் இரண்டு பக்கத்தாலும் நெருக்கினார்கள். கூடைக்குக் கீழே அவனுடைய ஆள் ஒருவன் தனியே நின்று கையை உயர்த்தினான். ஜோசுவா நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் பந்தை அவனுக்குக் கொடுத்தான். எங்களிடம் நாலு வருடம் இருந்தவன், ஒரு நாளும் கொடுக்காதவன், அன்றைக்கு அவர்களுக்குக் கொடுத்தான். அதைப் பார்த்து என் தலை வெடிக்கப் போனது. நான் நடுவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டு இருந்தபோதுதான் மற்றவர்கள் ஓடுவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் குப்புற விழுந்து கிடந்தான்.

சுவரில் இருந்த, நின்ற இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கிற மெசினைக் கொண்டுவந்தார்கள். நிரோஷினி பார்வையாளர் பக்கம் இருந்து பாய்ந்து வந்து நெஞ்சை அமத்தினாள். பஸ்ரியன் என் தோளைப் பிடித்து, "ரட்ணம் அண்ணை, என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது? என்ன நடந்தது, அண்ணை?" என்று கேட்டான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் என்னோடு கதைத்தான். "தெரியேல்லை" என்று சொன்னேன். கிட்டத்தட்ட ஐந்து கிழமையாக எனக்குத் தெரிந்ததை அம்புலன்ஸ்காரருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ட்ரேட்டை உடைக்கக்கூடிய தவணை முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: ஓம். அவனுடைய நெஞ்சில் வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். அதை மறைத்தேன். அவனாக நின்று பொய் சொன்னேன். வைத்தியரை அவன் காணாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு, தெரிந்துகொண்டே, அவன் விழும் வரைக்கும் ஓட வைத்தேன். அவனை நான்தான் கொன்றேன். இதை வேறு விதமாக எழுத எனக்கு வழி இல்லை. இதற்கு என்ன தண்டனையோ அதைத் தாருங்கள். நான் ஓடி ஒளிக்கிற ஆள் இல்லை.

ஆனால் அது வேறு, ட்ரேட் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். றூபனும் மிதுனனும் இப்போது பயிற்சிக்கு வருவதில்லை. மிதுனனின் தாய் என் அழைப்பை எடுப்பதில்லை. எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். இளம் பொடியள், மனம் ஆறும், வருவார்கள். அடுத்த வருடம் பாருங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். மார்ச் ஒன்பதாம் திகதி ஆட்டத்துக்கு நேரே லீக்கின் பட்டியலில் "முடிவு இல்லை" என்று போட்டிருக்கிறது. ஜோசுவா விழுந்தபோது நாங்கள் நாலு புள்ளி முன்னால் நின்றோம். மிச்சம் இருந்தது ஒரு நிமிடம் பதினொரு செக்கன் மட்டும். அதை அலைமுனைக்கு வெற்றி என்று திருத்திப் பதிய வேண்டும்.